புரோட்டியஸைப் பிடித்தவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அண்மையில் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. பயிற்சியளித்தவர், இனிவரும் காலத்தில் எல்லோரும் ‘புரோட்டியன் கேரியர்’ ஒன்றுக்குத் தயாராக வேண்டும், நிறுவனத்தின் தேவைக்கேற்ப உருமாறிக்கொண்டே இருப்பவர்தான் பிழைப்பார் என்றார். அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அகராதியில் தேடியபோது, உருமாறும் ஆற்றல் கொண்ட ஒரு கிரேக்கக் கடல்தெய்வத்தின் பெயரிலிருந்து வந்தது என்று மட்டும் இருந்தது. இதன் மூலக்கதை என்ன? என்னென்ன பொருளில் வழங்குகிறது? புரோட்டீன் என்ற சொல்லும் இதிலிருந்து வந்ததுதானா? நம் சூரபத்மனும் இவரும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது, சரியா? என்னைப் பற்றிய அறிமுகக் குறிப்பில் இந்தச் சொல்லைப் போட்டுக்கொண்டால் பொருத்தமாக இருக்குமா? நேரம் கிடைக்கும்போது விளக்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
கா.

அன்புள்ள கா.,

ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. அதற்கு அகராதிகள் இருக்கின்றன. அவை என்னைவிடப் பொறுமையானவை. உங்களுக்கு எழுதக் காரணம், சில நாட்களாக நான் ஹோமரின் கிரேக்கக் காவியமான ஒடிஸியின் நான்காம் காண்டத்தை மீண்டும் வாசித்துக்கொண்டிருக்கிறேன் என்பதும், அதில் வரும் புரோட்டியஸ் என்ற கடற்கிழவரை, உங்கள் அகராதி சொல்லும் அந்தத் தெய்வத்தை, முன்னிட்டு யாரிடமாவது சண்டை போட வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது என்பதும்தான். நீங்களாக வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

சில்லறைக் கேள்விகளை முதலில் தீர்த்துவிடுகிறேன். புரோட்டீன் என்ற சொல் புரோட்டியஸிடமிருந்து வரவில்லை. 1838இல் சுவீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சீலியஸ், டச்சு வேதியியலாளர் முல்டருக்கு எழுதிய கடிதத்தில் பரிந்துரைத்த பெயர் அது. ‘முதன்மையானது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டது. புரோட்டியஸ் என்ற பெயருக்கும் ‘முதல்’ என்னும் அதே வேரோடு தொடர்பு உண்டு என்று கருதுவோர் இருப்பதால், இரண்டும் ஒன்றுவிட்ட உறவாக இருக்கலாம், அவ்வளவுதான். சூரபத்மன் விஷயத்தில் உங்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. கந்தபுராணத்துச் சூரன் போர்க்களத்தில் வெல்வதற்காக உருமாறுகிறான். பறவையாகிறான், இருளாகிறான், கடைசியில் மாமரமாக நிற்கிறான். புரோட்டியஸுக்கு யாரையும் வெல்ல வேண்டிய தேவையே கிடையாது. இரண்டு கதையிலும் ஒரு மரம் வருகிறது என்பதற்காக இரண்டும் ஒன்று என்று சொல்லத் தொடங்கினால் உலகில் ஒரே ஒரு கதைதான் மிஞ்சும், அதையும் படிக்க ஆள் இருக்காது. ‘இது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதே’ என்று பாதியிலேயே எழுந்துபோய், எந்தக் கதையையும் முழுதாகக் கேட்காமல் விடும் பழக்கம் நமக்கு நெடுங்காலமாக உண்டு. உங்கள் வயதிலாவது அதை விட்டுவிடலாம்.

கதைக்கு வருகிறேன். டிராய்ப் போர் முடிந்து ஊர் திரும்பும் வழியில் ஸ்பார்ட்டாவின் அரசன் மெனலாஸ், எகிப்துக்கு எதிரே உள்ள பாரோஸ் தீவில் சிக்கிக்கொள்கிறான். (பிற்காலத்தில் அலெக்சாந்திரியாவின் புகழ்பெற்ற கலங்கரை விளக்கம் எழுந்தது அந்தத் தீவில்தான்.) இருபது நாட்களாகக் காற்று இல்லை. கொண்டுவந்த உணவு தீர்ந்துகொண்டிருக்கிறது. பசி தாங்காமல் ஆட்கள் வளைந்த தூண்டில் முள்ளோடு கரையெல்லாம் அலைகிறார்கள். கூட்டத்தை விட்டு விலகித் தனியே நடக்கும் மெனலாஸின் முன்னால் ஐடோத்தியா என்ற கடல்மகள் வந்து நின்று, ‘நீ அறிவில்லாதவனா, அல்லது துன்பப்படுவதிலேயே உனக்கு இன்பமா?’ என்கிற பொருளில் ஒரு கேள்வி கேட்கிறாள். அவள் புரோட்டியஸின் மகள். கடல்களின் ஆழமெல்லாம் அறிந்த தன் தந்தைக்குத்தான் நீ திரும்பும் வழியும் தெரியும், ஆனால் அவரைப் பிடித்தால்தான் சொல்வார் என்று சொல்லி, பிடிக்கும் முறையையும் அவளே கற்றுத்தருகிறாள்.

அந்த முறையை ஹோமர் விவரிக்கும் விதத்தை நீங்கள் நிதானமாக வாசிக்க வேண்டும். நண்பகலில் கிழவர் கடலிலிருந்து எழுந்துவந்து குகை நிழலில் படுப்பார். அவரைச் சுற்றி அவருடைய மந்தையான சீல்கள், கடலடியின் வாடை வீச, வந்து படுக்கும். படுப்பதற்கு முன் அவர் சீல்களை ஐந்தைந்தாக எண்ணிப் பார்ப்பார். ஆகவே மெனலாஸும் அவன் தேர்ந்தெடுத்த மூன்று பேரும் எண்ணிக்கைக்குள் அடங்க வேண்டும். ஐடோத்தியா அப்போதுதான் உரித்த நான்கு சீல் தோல்களைக் கொண்டுவந்து, மணலில் குழி பறித்து, நால்வரையும் படுக்கவைத்துத் தோலைப் போர்த்திவிடுகிறாள். நாற்றம் தாங்க முடியவில்லை. கடல் விலங்கோடு யார்தான் படுப்பார்கள் என்று, பல ஆண்டுகள் கழித்துத் தன் அரண்மனையில் விருந்தினருக்குக் கதை சொல்லும்போதும் மெனலாஸ் முகம் சுளிக்கிறான். அவள் இரக்கப்பட்டு, ஒவ்வொருவர் மூக்கின் கீழும் அமுதத்தைக் கொஞ்சம் தடவுகிறாள். அதன் மணத்தில்தான் அவர்களால் நண்பகல் வரை அங்கே கிடக்க முடிகிறது. கிழவர் வருகிறார்; எண்ணுகிறார்; முதலில் எண்ணுவதே இந்த நால்வரைத்தான். பிறகு ஆட்டு மந்தை நடுவே இடையன் படுப்பதுபோல் படுத்துக்கொள்கிறார். நால்வரும் கூச்சலிட்டுப் பாய்ந்து அவரைக் கட்டிப்பிடிக்கிறார்கள்.

அப்போதுதான் நீங்கள் வியந்த அந்த உருமாற்றம் நடக்கிறது. சிங்கமாகிறார், பாம்பாகிறார், சிறுத்தையாகிறார், பெரிய காட்டுப்பன்றியாகிறார், ஓடும் நீராகிறார், இலை அடர்ந்த உயரமான மரமாகிறார். மூலத்தில் இதற்கு ஹோமர் செலவிடுவது மூன்றே அடிகள். அதற்கு முன்னால் தோல், குழி, நாற்றம், காத்திருப்பு என்று எத்தனை அடிகள் செலவிட்டிருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். கவிஞனின் கவனம் எதில் இருக்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும். நால்வரும் விடவில்லை. கிழவர் களைத்துப்போய்த் தன் சொந்த உருவத்துக்கு வந்து, ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்கிறார்.

நான் சண்டை போட விரும்புவது இந்த இடத்தில்தான். அகராதி உங்களுக்குக் கொடுத்தது உருமாறும் தெய்வத்தை. ஹோமர் அவருக்குத் தரும் அடைமொழியோ ‘பிழையே சொல்லாத கடற்கிழவர்’ என்பது. பொய் சொல்லத் தெரியாதவர் அவர். அவரிடம் கேள்வி கேட்டால் உண்மையைத்தான் சொல்லியாக வேண்டும். அதனால்தான் கேள்வியே தன்னை வந்தடையாதபடி சிங்கமாகவும் நீராகவும் ஆகிப் பார்க்கிறார். அவருடைய ஆயிரம் உருவங்களும் ஒரு பதிலைச் சொல்லாமல் தப்பிக்கும் வழிகள். ஓர் உருவத்தைக்கூட அவர் ஆசைப்பட்டோ, கலையாகவோ, திறமை காட்டவோ எடுப்பதில்லை. யாரும் பிடிக்காத நாட்களில் அவர் என்ன செய்கிறார்? சீல்களை எண்ணிவிட்டுத் தூங்குகிறார். பிடிக்கும் கைகள் இல்லாவிட்டால் அந்தக் கதையில் உருமாற்றமே இல்லை.

தமிழில் இதற்கு ஒரு சொல் வேண்டும் என்று யாராவது கேட்டு அடுத்த கடிதம் எழுதுவார்கள், தயவுசெய்து வேண்டாம்.

பிடியைத் தளர்த்தாதே என்ற இந்தச் செய்தி ஹோமரோடு நின்றுவிடவில்லை. ரோமானியக் கவிஞர் வர்ஜில் தன்னுடைய வேளாண்மைக் காவியத்தின் நான்காம் பகுதியில் இதே நிகழ்ச்சியை வேறொருவனுக்கு நடத்திக்காட்டுகிறார். அரிஸ்டேயஸ் என்பவனின் தேனீக்களெல்லாம் செத்துப்போகின்றன. காரணம் தெரியாமல் தாயிடம் போய் அழுகிறான். தாய் கிரேனே அவனைப் புரோட்டியஸின் குகைக்கு அழைத்துப்போய், அவர் எவ்வளவுக்கு உருமாறுகிறாரோ அவ்வளவுக்குக் கட்டை இறுக்கு மகனே என்கிறாள். அவனும் அப்படியே செய்கிறான். அவர் சொல்லும் உண்மையோ அவன் எதிர்பாராதது: உன்னிடமிருந்து தப்பி ஓடும்போதுதான் ஆர்ஃபியஸின் மனைவி யூரிடிசி பாம்பு கடித்து இறந்தாள், உன் தேனீக்கள் சாவதற்குக் காரணம் நீதான். மெனலாஸுக்குக் கிடைத்ததும் இனிப்பான செய்தி அல்ல. அவனுடைய அண்ணன் அகமெம்னன் ஊர் திரும்பிய பின், விருந்துக்கு அழைக்கப்பட்டு, தொட்டியில் தீனி தின்னும் மாட்டை வெட்டுவதுபோல் கொல்லப்பட்டான் என்பதைக் கிழவர்தான் சொல்கிறார். மெனலாஸ் மணலில் விழுந்து புரண்டு அழுகிறான். கேட்காதே, கேட்டால் வெகுநேரம் கண்ணீர் இல்லாமல் இருக்கமாட்டாய் என்று சொல்லிவிட்டுத்தான் சொல்கிறார். அவர் ஏன் அவ்வளவு உருவங்கள் எடுத்துத் தப்பப் பார்த்தார் என்று இங்கே வரும்போது புரிகிறது, இல்லையா? எனக்கு அந்தக் கிழவர்மேல் இந்த இடத்தில் பெரிய பிரியம் வந்துவிடும்.

ஏதென்ஸ்காரர்கள் இதைச் சரியாகவே படித்திருந்தார்கள். பிளேட்டோவின் யூதிடெமஸ் என்ற உரையாடலில், சொற்களைத் திருகித் திருகி எதிராளியை மடக்கும் இரண்டு சகோதரர்கள் வருகிறார்கள். எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லாமல் வேறொன்றுக்குத் தாவுகிறார்கள். சாக்ரடீஸ் சொல்கிறார்: இவர்கள் எகிப்தியப் பேச்சு வித்தகனான புரோட்டியஸைப்போல் நடிக்கிறார்கள், நாம் மெனலாஸைப்போல் நடந்துகொண்டு, இவர்கள் எதை மனதார நம்புகிறார்கள் என்பது வெளிப்படும்வரை விடாமல் பிடித்துக்கொள்வோம். இந்த ஒரு வரிக்காகவே அந்த உரையாடலை வாசிக்கலாம் என்பேன். அயோன் என்ற இன்னொன்றின் முடிவிலும், கேள்விக்குக் கேள்வி நழுவும் ஒரு கவிதை ஓதுபவனை அவர் புரோட்டியஸ் என்றே கேலி செய்கிறார். அங்கெல்லாம் அந்தப் பெயர் ஒரு வசை. ஹெரடோட்டஸும் யூரிபிடிஸும் புரோட்டியஸை எகிப்தின் ஒழுக்கமான அரசனாக்கியிருக்கிறார்கள். அது வேறு மரபு, இங்கே நமக்கு வேண்டாம்.

வசையைப் பாராட்டாக மாற்றியவர்கள் மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலியர்கள். பிகோ டெல்லா மிராண்டோலா 1486இல் மனிதனின் மேன்மை குறித்து எழுதிய உரையில், தனக்கென நிலைத்த உருவம் இல்லாமல் எதுவாகவும் ஆகக்கூடியவன் மனிதன் என்று வியந்து, அதற்குப் புரோட்டியஸை அடையாளம் காட்டினார். ஆங்கிலத்தில் ‘புரோட்டியன்’ என்ற பெயரடை வழக்குக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டின் இறுதியில். ஆனால் அதே காலத்தில் ஷேக்ஸ்பியர், நண்பனுக்கும் காதலிக்கும் துரோகம் செய்யும் ஓர் இளைஞனுக்கு நாடகத்தில் புரோட்டியஸ் என்றே பெயர் வைத்தார்; பின்னாளில் மூன்றாம் ரிச்சர்டாக முடிசூடப்போகும் க்ளாஸ்டரின் வாயில், ஆதாயத்துக்காகப் புரோட்டியஸோடு போட்டியிட்டு உருமாறுவேன் என்ற பேச்சையும் வைத்தார். ஆக, அந்தச் சொல் பிறந்தபோதே அதற்கு இரண்டு முகம் இருந்தது. ஒரு நடிகரையோ ஓவியரையோ அந்தச் சொல்லால் அழைத்தால் இன்று அது பாராட்டு. ஓர் அரசியல்வாதியை அழைத்தால் என்ன பொருள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலத் தத்துவவாதி பிரான்சிஸ் பேக்கன் ஒருவர்தான் அந்த நூற்றாண்டுகளில் பிடிக்கும் கைகளை மறக்காதவர். 1609இல் பழங்கதைகளுக்கு உரை எழுதும்போது, புரோட்டியஸ் என்பது பருப்பொருள், அதைக் கட்டிப்போட்டு நெருக்கினால்தான் தன் இயல்பை வெளிப்படுத்தும் என்று எழுதினார். அவர் காலத்தில் இயற்கையை நெருக்கிக் கேட்பது புதிய காரியம்.

அறிவியலாளர்கள் இந்தப் பெயரை எதற்கெல்லாம் வைத்தார்கள் என்ற பட்டியல் நீளமானது; கண்ட உருவமெல்லாம் எடுக்கும் அமீபாவுக்கு ஒன்று, 1885இல் கண்டறியப்பட்ட ஒரு பாக்டீரியா வகைக்கு ஒன்று, 1989இல் வாயேஜர் 2 கண்டுபிடித்த நெப்டியூனின் துணைக்கோளுக்கு ஒன்று. எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். ஸ்லோவேனியா, பாஸ்னியா பகுதிகளின் சுண்ணாம்புக் குகைகளில் வாழும், கண் தெரியாத, வெளிறிய ஒரு நீர்ப்பல்லி இனம் இருக்கிறது. 1768இல் அதற்குப் புரோட்டியஸ் என்று அறிவியல் பெயர் வைத்தார்கள். அந்த விலங்கு செய்யாத ஒரே காரியம் உருமாறுவது: பெரும்பாலான நீர்ப்பல்லிகள் வளரும்போது செவுள்களை இழந்து கரையேறும், இது சாகும்வரை குஞ்சுப் பருவத்துச் செவுள்களோடு நீரிலேயே கிடக்கும். ஒரு குகையில் ஆய்வாளர்கள் அடையாளமிட்டு வைத்த ஒன்று ஏழு ஆண்டுகள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. இதையும் உங்கள் பயிற்சியாளருக்குச் சொல்லுங்கள்.

இந்தச் சொல்லை அதன் இரண்டு பாதிகளோடும் சேர்த்து இன்றும் பயன்படுத்துகிறவர்கள் மருத்துவர்கள் மட்டும்தான் என்பது என் எண்ணம். ஒரே நோய் பல உருவங்களில் வரும்போது அதன் வெளிப்பாடுகளைப் புரோட்டியன் என்பார்கள். ஒன்று இருக்கிறது, அது மறைந்து விளையாடுகிறது, அதைப் பிடிக்க வேண்டும் என்ற மூன்றும் அந்த வழக்கில் அடங்கியிருக்கின்றன. அதை நான் முதலில் கேட்டது ஓர் அரசு மருத்துவமனையின் தாழ்வாரத்தில்.

1990களின் தொடக்கம். என் அக்கா அப்போது பள்ளி ஆசிரியை. முதலில் காலை வேளைகளில் விரல் மூட்டுகள் வீங்கின. சாக்கட்டியைப் பிடிக்க முடியவில்லை. எங்கள் ஊர் மருத்துவர் வாதம் என்றார். சில மாதங்களில் அது தானாகக் குறைந்து, விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தது. வேறொருவர் டைஃபாய்டு என்று சொல்லி அதற்கு மருந்து கொடுத்தார். பிறகு வாய்ப்புண், சத்துக்குறைவு என்றார்கள். முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. தோல் மருத்துவர் தைலம் எழுதிக்கொடுத்தார். இரண்டு கன்னங்களும் சிவந்தன, ஒவ்வாமை என்றார்கள். எல்லாம் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போய்விடும் என்பதால், எந்த மருந்து வேலை செய்தது என்று எங்களுக்கும் தெரியாது, மருத்துவர்களுக்கும் தெரியாது. ஒவ்வொருவரும் தங்கள் முன்னால் அன்றைக்கு நின்ற உருவத்தைப் பார்த்து, அதற்குரிய பெயரைச் சொல்லி, அனுப்பிவைத்தார்கள். நகரத்தில் பெரிய கட்டணம் வாங்கிய ஒருவர், அக்கா அறையில் இருக்கும்போதே என் அப்பாவிடம், ‘உடம்பில் ஒன்றும் இல்லை, மனசுதான். சீக்கிரம் கல்யாணத்தை முடித்துவிடுங்கள்’ என்றார். அன்று பேருந்தில் வீடு திரும்பும்வரை அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அவரைப் பற்றி இன்றுவரை என்னால் நிதானமாக எழுத முடியாது. ஆகவே மேலே போகிறேன்.

யாரோ சொல்லி, அரசு மருத்துவமனையின் மூட்டுநோய்ப் பிரிவுக்குப் போனோம். ஓய்வு பெறும் வயதில் இருந்த ஓர் அம்மையார் அங்கே பொறுப்பில் இருந்தார். அப்பா வைத்திருந்த மஞ்சள் பையை வாங்கி, அதிலிருந்த சீட்டுகளையெல்லாம் தாழ்வாரத்து பெஞ்சின் மேல் கொட்டி, தேதி வாரியாக அடுக்கச் சொன்னார். காற்றில் பறக்காமல் இருக்க அவற்றின் மேல் நானும் ஒரு மருத்துவ மாணவரும் கைவைத்துக்கொண்டு நின்றோம். அவர் கடைசிச் சீட்டைப் பார்க்காமல் முதல் சீட்டிலிருந்து தொடங்கினார். அக்கா இப்போதைய வலியைச் சொல்லத் தொடங்கும்போதெல்லாம், ‘அது இருக்கட்டும்மா, அந்தக் காய்ச்சல் வந்தபோது விரல் வலித்ததா?’ என்று பழைய இடத்துக்கே திருப்பினார். ‘வெயிலில் போனால் கன்னம் சிவக்குமா?’ என்று அவர் கேட்டதும் அக்கா ஆமாம் என்றாள். பள்ளி மைதானத்தில் இறைவணக்கத்துக்கு நிற்கும் நாட்களில்தான் அதிகம் என்றாள். அதுவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை. சுற்றி நின்ற மாணவர்களிடம் அவர் ஆங்கிலத்தில், இதன் வெளிப்பாடுகள் புரோட்டியன், ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள் என்றார். இரத்தமும் சிறுநீரும் சோதனைக்குப் போயின. லூபஸ். உடலின் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் நோய். சோதனைத் தாளில் சிறுநீரில் புரோட்டீன் என்றும் எழுதியிருந்தது; சிறுநீரகத்தையும் அது தொடத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். அப்போது ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்த எனக்கு உங்களுடைய அந்தக் கேள்வி அன்றைக்கே எழுந்தது. ஆகவே அதற்காக உங்களைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை.

அக்காவுக்கு அதன்பிறகு ஸ்டீராய்டும் வேறு மருந்துகளும் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. முகம் வீங்கி, எலும்பு பலவீனப்பட்டு, அவற்றுக்கும் ஒரு விலை இருந்தது. நோயின் பெயர் தெரிந்த அன்று அப்பா மணலில் புரளவில்லை என்றாலும், மருத்துவமனை வாசலில் வேகாத வெயிலில் வெகுநேரம் நின்றார். ஆனால் பெயர் கிடைத்துவிட்டது. அக்கா ஓய்வு பெறும்வரை வகுப்பெடுத்தாள். இன்றும் மாத்திரை சாப்பிடுகிறாள். வெயிலில் குடை இல்லாமல் இறங்குவதில்லை.

இப்போது உங்கள் பயிற்சி வகுப்புக்கு வருகிறேன். ‘புரோட்டியன் கேரியர்’ என்ற தொடரை உருவாக்கியவர் அந்தப் பயிற்சியாளர் அல்ல. டக்ளஸ் ஹால் என்ற அமெரிக்க மேலாண்மைப் பேராசிரியர் 1976இல் அதை எழுதினார். அவர் சொன்னது, ஒருவருடைய பணிவாழ்வை நிறுவனம் நடத்தக் கூடாது, அவரே நடத்த வேண்டும்; தனக்கு எது முக்கியம் என்ற தெளிவை உள்ளே வைத்துக்கொண்டு வேலைகளை மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான். ஹால் உருமாறச் சொன்னது, உள்ளே ஒன்றை மாறாமல் பிடித்துக்கொள்வதற்காக. உங்களுக்குச் சொல்லப்பட்டதோ நிறுவனத்தின் தேவைக்கேற்ப உருமாறு என்று. தலைகீழாகப் புரட்டிப்போட்டிருக்கிறார்கள், நீங்களும் சொல் அழகாக இருக்கிறது என்று கைதட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள். நாளைக்கு உங்களை வேலையைவிட்டு அனுப்பும்போது, நீங்கள் போதுமான அளவு உருமாறவில்லை என்று சொல்வதற்கு அந்தச் சொல் அவர்களுக்குப் பயன்படும். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வயதில் வேலை பற்றிய பயம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்துக்கு ஒரு கிரேக்கப் பெயர் சூட்டித் தருகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்றுதான் சொல்கிறேன். அடுத்த வகுப்பில் எழுந்து நின்று, அந்தக் கதையில் மெனலாஸ் யார் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அவர் எந்த உருவமெல்லாம் எடுக்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.

அறிமுகக் குறிப்பில் அந்தச் சொல் வேண்டாம். எந்தெந்த மென்பொருளில் எத்தனை ஆண்டு வேலை பார்த்தீர்கள், என்ன கட்டினீர்கள், எதைப் பழுது பார்த்தீர்கள் என்று எழுதினால், படிக்கிறவர் உங்களைப் பிடித்துக்கொள்ள ஓர் இடம் கிடைக்கும். பலதுறைத் திறமை என்பது பிறர் உங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. நீங்களே சொல்லிக்கொண்டால், ஷேக்ஸ்பியரின் க்ளாஸ்டர் பேசுவதுபோல் இருக்கும்.

நான்காம் காண்டத்தில் உங்களுக்கு வேண்டியது 351ஆம் அடியிலிருந்து 570ஆம் அடிவரை. ராபர்ட் ஃபேகிள்ஸின் மொழிபெயர்ப்பும் எமிலி வில்சனின் மொழிபெயர்ப்பும் எளிதாகக் கிடைக்கும். முதலில் வில்சனை வாசியுங்கள், வரிகள் குறுகலானவை. சத்தமாக வாசித்தால் இன்னும் நல்லது. முடித்துவிட்டு எழுதுங்கள், பதில் எழுதுவேன். ஆனால் அந்தக் கடிதத்தில் ‘கேரியர்’ என்ற சொல் இருந்தால் எழுதமாட்டேன்.

அன்புடன்.